மீஸான் கல் சொல்லும் மகள்களின் கதை

திருகோணமலைத் துறைமுகத்தின் நிக்கல்சன் குடாவில் அரபு எழுத்துப் பொறித்த மீஸான் கற்கள், அதாவது கல்லறைக் கற்கள், கிடைத்தன. ஒன்று, பத்ருத்தீன் ஹுசைன் என்ற தலைவரின் மகளுடையது. குடும்பப் பெயரோடு 'அல்ஹலபி' என்ற அடையும் உண்டு. ஹலப் என்பது சிரியாவின் அலெப்போ. அந்தக் குடும்பத்தின் பெண்பிள்ளை இந்த மண்ணிலேயே அடங்கியிருக்கிறாள்.

இதே தீவிலிருந்து வாப்பாமாரின் ஊருக்குப் புறப்பட்ட மகள்களும் உண்டு. 9ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் பலாதுரி அவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். வணிகத்துக்கு வந்த அரபுகள் இங்கே இறந்துபோனார்கள். ஆதரவற்று நின்ற அவர்களின் பெண்மக்களை, 'யாகூத் தீவு' எனப்பட்ட இலங்கையின் அரசர், ஈராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜிடம் கப்பலேற்றி அனுப்பினார். இன்றைய கராச்சிக்கு அருகிலிருந்த தேபல் கரையோரம் கடற்கொள்ளையர் அந்தக் கப்பலை மடக்கினர். பெண்களை மீட்டுத்தருமாறு ஹஜ்ஜாஜ் கேட்டபோது, கொள்ளையர் தன் கைக்கு அடங்காதவர்கள் என்று சிந்து மன்னர் தாஹிர் பதில் அனுப்பினார்.

அதன்பின் சிந்துவுக்கு எதிராக ஹஜ்ஜாஜ் அனுப்பிய இரு தளபதிகள் போரில் மாண்டனர். மூன்றாவதாகச் சென்றவர் முகம்மது பின் காசிம். அப்போது அவருக்கு வயது 17 என்பது மரபு. 'மணப்பெண்' என்று பெயரிட்ட கல்லெறி பொறியை 500 பேர் இயக்க, தேபல் கோயிலின் கொடிமரம் முறிந்தது, நகரம் வீழ்ந்தது. மூன்று நாள் வெட்டிக்கொலை நடந்ததையும் பலாதுரி மறைக்கவில்லை. 712இல் தாஹிர் களத்தில் வீழ்ந்தார். பின்னர் சரணடைந்த ஊர்களின் கோயில்களை, கிறிஸ்தவ, யூத ஆலயங்களைப் போலவே விட்டுவைக்க முகம்மது இசைந்தார்.

அது பெருந்தளபதிகளின் காலம். 711இல் தாரிக் பின் ஸியாத் ஸ்பெயினில் கால்வைத்தார். 712இல் குதைபா சமர்கந்தைப் பிடித்தார். எல்லை விரிவு முன்பே தொடங்கிவிட்டது. சிந்துவை அடுத்த மக்ரானும் அரபுகள் வசமாகியிருந்தது. எனவே கப்பல் கொள்ளை மட்டுமே படையெடுப்புக்குக் காரணமல்ல.

வெற்றி தளபதிகளைக் காக்கவில்லை. 715இல் கலீஃபா மாறியதும் முகம்மது திருப்பியழைக்கப்பட்டு, ஈராக்கின் வாஸித் சிறையில் வதைபட்டு இறந்தார். அதே ஆண்டில் குதைபாவும் கொல்லப்பட்டார்.

ஆனால் திருகோணமலையை அடுத்த கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் இஸ்லாத்தைக் கொண்டுவந்தது படையல்ல, பருவக்காற்றும் வணிகமும்தான். சிந்துவின் வரலாற்றை வாசிக்கும் நம் பிள்ளைகள், தளபதியின் வாளுக்கு முன்னே, வேற்று மார்க்கத்தாரின் அநாதை மகள்களை வழியனுப்பிவைத்த இந்தத் தீவின் அரசரையும் அறியவேண்டும். நிக்கல்சன் குடாவின் அந்த மகளுக்கு இங்கே மீஸான் கல்லாவது கிடைத்தது. கொள்ளைபோன கப்பலின் பெண்களில் ஒருத்தியின் பெயரைக்கூடப் பலாதுரி எழுதிவைக்கவில்லை.