சொட்டும் இடம் வேறு, கசியும் இடம் வேறு

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, மேலே மண் தடங்களில் இரண்டு நாள் சுற்றிவிட்டு வந்த மறுநாள் காலை. பைக் நின்ற சிமென்ட் தரையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஓர் ஆயில் கறை. குனிந்து பார்த்தால், என்ஜினின் அடியில், ஆயிலை வடிக்கும் ட்ரெயின் போல்ட் தலையில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை எடுத்துப் போல்ட்டை இறுக்கினேன். அடுத்த நாள் அதே இடத்தில் அதே கறை.

ஓட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது பழகிய கதை. மழைநீர் கூடத்தின் நடுவில் சொட்டும். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் உடைந்த ஓடு முகட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்து நீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்திருக்கும். என்ஜின் ஆயிலும் அப்படித்தான் ஊர்கிறது. தண்ணீரைவிடவும் தூரமாக ஊர்கிறது. ஆயிலின் பரப்பு இழுவிசை நீருடையதில் பாதிக்கும் குறைவு. அதனால் துளியாகத் திரண்டு நிற்காமல் உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. கேஸ்கட் ஓரத்திலும் போல்ட் மரையிலும் நுண்துளை ஈர்ப்பால் மேல்நோக்கிக்கூட ஏறும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அதைப் பின்னால் தள்ளுகிறது. டேப்பெட் கவரில் கசிந்தது சிலிண்டர் விலாக்களில் வழிந்து, கிளட்ச் கவரைச் சுற்றி, என்ஜினின் ஆகத் தாழ்ந்த இடமான ட்ரெயின் போல்ட்டில் வந்து சேரும். என்ஜினில் எங்கே கசிந்தாலும் கடைசியில் சொட்டுவது பெரும்பாலும் அங்கேதான்.

நாமக்கல்லில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். கிட்டத்தட்ட முப்பது வருடமாக என்ஜின் பிரிப்பவர். வண்டியைப் பார்த்ததும் கருவி எதையும் அவர் தொடவில்லை. “தம்பி, முதல்ல நல்லாக் கழுவிட்டு வாங்க. அழுக்கு வண்டியில லீக் தேடுனா, கண்ணுக்குத் தெரியுற இடமெல்லாம் லீக்காத்தான் தெரியும்” என்றார்.

கழுவுவதற்கு முன்பும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மண்ணில் ஓடும் பைக்கில் புழுதியே ஒரு வரைபடம் போட்டுத் தருகிறது. கட்டியாக, கறுப்பாக மண் அப்பியிருந்தால் அங்கே பல நாளாக ஈரம் இருந்திருக்கிறது. புழுதி படியாமல் பளபளவென்று ஒரு கோடு இருந்தால் அது புதிதாக ஓடிய ஆயில். இதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, என்ஜினுக்குக் கீழே இருக்கும் அடித்தகட்டைக் கழற்றிவிட்டுக் கழுவ வேண்டும். அடித்தகட்டுக்குள் தேங்கும் பழைய ஆயில் பல நாள் சொட்டி ஏமாற்றும். ஆறிய என்ஜினில் டீசலோ டிகிரீசரோ போட்டுப் பிரஷால் தேய்த்து, சோப்பு நீரில் அலசி, காய விட்டால் போதும். வாட்டர் சர்வீஸ் கடையில் அழுத்தமாக அடிக்கும் நீரை ஆயில் சீலுக்கு நேராகக் காட்டுவது ஆபத்து. சீலின் உதட்டைத் தள்ளிக்கொண்டு நீரும் மண்ணும் உள்ளே போய்விடும்.

காய்ந்த என்ஜின் மேல் அவர் குழந்தைகளுக்குப் போடும் முகப்பவுடரை மெல்லத் தூவினார். பிறகு வண்டியை ஓட்டி, என்ஜின் நன்றாகச் சூடேறிய பின் கொண்டுவரச் சொன்னார். சூடு கட்டாயம் வேண்டும். 10டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரி செல்சியஸில், 40 டிகிரியில் இருப்பதைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு இளகிவிடும். காலையில் அடைத்துக்கொண்டு நிற்கும் சந்து மலையேற்றத்தில் வழிவிடுவது இதனால்தான். அலுமினியமும் சூட்டில் நீள்கிறது. 100 மில்லிமீட்டர் நீளமுள்ள கவர் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் 0.16 மில்லிமீட்டர் நீளும். அதைப் பிடித்திருக்கும் இரும்பு போல்ட் அதே அளவு நீளாது. ஒவ்வொரு பயணத்திலும் நீண்டும் சுருங்கியும் அலைக்கழிவது நடுவில் இருக்கும் கேஸ்கட்.

பவுடர் வெள்ளையில் ஈரம் பட்ட இடம் சாம்பல் நிறமாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசல்கூட இதில் காட்டிக்கொடுத்துவிடும். இந்த உத்தி பட்டறைகளுக்குப் பழையது. நூறாண்டுக்கு முன்பே ரயில்வே பணிமனைகளில் அச்சுகளை எண்ணெயில் ஊறவைத்துத் துடைத்து, மேலே சுண்ணப்பொடி பூசி விரிசல் தேடினார்கள். விரிசலுக்குள் தங்கிய எண்ணெயைப் பொடி உறிஞ்சி வெளியே இழுத்துக் கோடு போட்டுக் காட்டும். இன்று ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் பார்க்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளியை வாங்கிக்கொண்டு சாயம் மஞ்சள்-பச்சையாக ஒளிரும். எதைக் கையாண்டாலும் தேட வேண்டியது ஒன்றைத்தான்: நனைந்த பகுதியில் ஆக உயரமாகவும் ஆக முன்னாலும் இருக்கும் புள்ளி.

என் வண்டியில் அந்தப் புள்ளி முன் ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. மண்சாலை பைக்கில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடமும் அதுதான், அதிகம் ஏமாற்றும் இடமும் அதுதான். செயினில் அடித்த லூப் தெறித்து அங்கே சேரும். அது பிசுக்கென்று ஒட்டும், நூல் போல் இழுபடும். என்ஜின் ஆயில் வழுக்கும். என்ஜினை அணைத்துவிட்டுக் கவரைக் கழற்றி, துடைத்து, அன்று செயினுக்கு லூப் போடாமல் ஓட்டிப் பார்த்தால் குழப்பம் தீரும்.

அங்கே இருப்பது ஷாஃப்டைச் சுற்றி நிற்கும் ஆயில் சீல். ரப்பர் உதடு, அதை இறுக்கிப் பிடிக்கும் மெல்லிய சுருள் கம்பி, அவ்வளவுதான். வால்டர் சிம்மர் என்ற ஆஸ்திரியப் பொறியாளரின் பெயரில் ஜெர்மனியின் பிராய்டன்பெர்க் நிறுவனம் இதைப் பரப்பியது. அப்போது உதடு தோலால் ஆனது. இந்தச் சிறு வளையத்தின் செயலைத் தெரிந்துகொண்ட நாளில் எனக்கு அதன் மேல் மரியாதையே வந்துவிட்டது. உதடு ஷாஃப்டை வெறுமனே அழுத்தி அடைப்பதில்லை. இரண்டுக்கும் நடுவே மிக மெல்லிய ஆயில் படலம் எப்போதும் உண்டு. அது இல்லாவிட்டால் ரப்பர் கருகிவிடும். உதட்டின் ஆயில் பக்கச் சாய்வு செங்குத்தாகவும், வெளிப்பக்கச் சாய்வு சரிவாகவும் இருக்கும். இந்தச் சமமின்மையால் ஷாஃப்ட் சுழலும்போது வெளியே வரப் பார்க்கும் ஆயிலை உதடே உள்ளே திருப்பி அனுப்புகிறது. அதாவது சீல் ஒரு குட்டி பம்ப். திருப்பிப் போட்டால் கொட்டிவிடும்.

இந்த உதட்டில் மண்துகள் பதிந்தால் அது உப்புத்தாளாக மாறி ஷாஃப்ட் மேலிருக்கும் காலரைத் தேய்க்கிறது. காலரில் நகத்தால் வருடிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படும். பள்ளம் விழுந்த காலரில் புது சீல் போட்டாலும் கசியும். காலரையும், அதனுள் இருக்கும் ஓ-ரிங்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். சீல் மட்டும் மாற்றிவிட்டு, “போன மாசம்தானே மாத்தினேன்” என்று வருந்துபவர்கள் பலர்.

ட்ரெயின் போல்ட் நிரபராதி என்று சொல்லவில்லை. அதன் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கித்தான் மேடுபள்ளங்களை நிரப்புகிறது, நசுங்கியதும் இறுகிப்போகிறது. ஒவ்வொரு ஆயில் மாற்றத்திலும் புதிது போடுவதே நல்லது. வாஷர் பழையதாக இருக்கும்போது போல்ட்டை மேலும் மேலும் இறுக்கினால் அலுமினிய மரை உரிந்துவிடும். சில ரூபாய் வாஷருக்காகப் பெரிய செலவு. மேக்னட் கவரிலிருந்து ஒயர் வெளியே வரும் ரப்பர், கியர் ஷாஃப்ட் சீல், ஆயில் ஃபில்டர் மூடியின் ஓ-ரிங் ஆகியவையும் பார்க்க வேண்டியவை. வண்டி சரிந்து விழுந்த பிறகு ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து ஆயில் வடிந்தால், பெரும்பாலும் அது விழுந்தபோது என்ஜினின் பிரீதர் ஹோஸ் வழியே போனதாகவே இருக்கும்.

நீர்க் குளிர்விப்பு என்ஜின்களில் வாட்டர் பம்ப்புக்கு அடியில் ஒரு சிறு துளை இருக்கும். கசிகிறது என்று அதைப் பசை வைத்து அடைப்பவர்கள் உண்டு. செய்யவே கூடாது. அந்தத் துளை வேண்டுமென்றே போட்டது. உள்ளே ஒரே ஷாஃப்டில் கூலன்ட் பக்கம் ஒரு சீல், ஆயில் பக்கம் ஒரு சீல். துளையில் கூலன்ட் வந்தால் முதலாவது போயிற்று, ஆயில் வந்தால் இரண்டாவது. அடைத்துவிட்டால் கூலன்ட் ஆயிலோடு கலந்து என்ஜினையே தின்றுவிடும்.

வெளியே ஒரு சொட்டும் விழாமல் ஆயில் குறைவதும் உண்டு. ஆர்எக்ஸ் 100 போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மண் பந்தயத்துக்கு வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். கிராங்கின் கிளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு எரிந்து, சைலன்சரில் அடர்ந்த வெண்புகையாகப் போகும். மேக்னட் பக்க சீல் போனால் காற்று உள்ளே புகும். பெட்ரோல் விகிதம் குறைந்து, என்ஜின் தானாக உறுமி, சூடேறி பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

என் வண்டிக்கு வருகிறேன். காலரில் பள்ளம் இல்லை. சீலும் நான்கு மாதம் பழையது, ஏற்கெனவே இரண்டு முறை வேறு பட்டறையில் மாற்றியது. மெக்கானிக் அண்ணன் யோசித்துவிட்டு, “காத்து எங்க போகுதுன்னு பாத்தீங்களா?” என்று கேட்டார்.

200 சிசி என்ஜினில் பிஸ்டன் கீழே இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் அளவு காற்று அடியில் அழுத்தப்படுகிறது. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் நொடிக்கு 100 முறை. பிஸ்டன் ரிங் தாண்டி நழுவும் எரிந்த வாயுவும் அதோடு சேரும். இந்த அழுத்தம் மூச்சு விட ஒரு பிரீதர் ஹோஸ் உண்டு. அது அடைபட்டால் என்ஜினில் எந்த சீல் இளைத்ததோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். சீலை மாற்றினால் சில வாரம் தாங்கும், பிறகு அதுவும் தோற்கும். பல சீல்கள் ஒரே சமயத்தில் வேர்த்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஹோஸைத்தான். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இதே விளைவுதான்.

நான் வாங்கிய பழைய வண்டியில் முந்தைய சொந்தக்காரர் ஹோஸின் நுனியை சேசிஸ் ஓரமாகக் கீழே இறக்கிவிட்டிருந்தார். அண்ணன் அதை உருவிக் கம்பியால் குத்தினார். காய்ந்த செம்மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மழைக்காலத்தில் வண்டி இரண்டு மாதம் ஷெட்டில் நின்றபோது குளவி கூடு கட்டியிருக்கிறது.

ஹோஸைக் கழுவி மாட்டினோம். நுனியிலிருந்து நான்கு விரல் மேலே பிளேடால் ஒரு சிறு கீறல் போட்டார். நுனி மறுபடி அடைபட்டாலும் கீறல் வழியே மூச்சு விடும். மறுபடி பவுடர் தூவி, சேந்தமங்கலம் வரை போய்த் திரும்பினேன். ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னால் வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. அந்த சீலை நாங்கள் மாற்றவில்லை. இன்னும் அதேதான் ஓடுகிறது.