தொண்டையடைப்பானும் பரம்பரையலகுச் சோதனையும்

வன்னியில் துணுக்காய் போன்ற உலர்வலயப் பிரதேசங்களில் நெல்வயலும் மாட்டுப்பட்டியும் ஒன்றையொன்று சார்ந்தே நிலைபெற்று வந்துள்ளன. அத்தகைய பட்டிகளைச் சில நாட்களில் வெறுமையாக்கவல்ல நோய்களுள் ஒன்று தொண்டையடைப்பான். மழைக்காலத்தில் மிகுதியும் தோன்றும் இந்நோய், மாடுகளைவிட எருமைகளையே கடுமையாகத் தாக்கும். காய்ச்சல், தொண்டை வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியன கண்டு, பெரும்பாலும் 24 மணி நேரத்துள் விலங்கு இறந்துவிடும். 1970களில் இலங்கையில் இந்நோயால் ஆண்டுதோறும் எருமைகளில் ஏறத்தாழ 15 வீதமும் மாடுகளில் 8 வீதமும் இறந்தன என ஓர் ஆய்வு காட்டியது.

இதற்குக் காரணம் பஸ்ரூரெல்லா மல்ரோசிடா என்னும் பற்றீரியாவாகும். எனினும் அவ்வினத்தின் எல்லா வகைகளும் இந்நோயை விளைவிப்பதில்லை. ஆசியாவில் ‘பி’ வகையே காரணமாகின்றது. மாதிரியை வளர்ப்பூடகத்தில் வளர்த்தும் சுண்டெலிக்கு ஏற்றியும் இதனை இனங்காண்பதே பழைய முறை. அதற்கு உயிருள்ள பற்றீரியா வேண்டும். வெப்பநாட்டில் பிணம் விரைந்து அழுக, வேறு நுண்ணுயிர்கள் பெருகி இதனை மறைத்துவிடும்.

1983இல் கரி முல்லிஸ் கண்டறிந்த பொலிமரேசு சங்கிலித் தாக்கம் இத்தடையைப் பெரிதும் நீக்கியது. பற்றீரியாவுக்கே உரிய டி.என்.ஏ. துண்டொன்றை வெப்பத்தால் பிரித்து, நொதியத்தால் மீண்டும் மீண்டும் இரட்டிப்பாக்குவதே இதன் தத்துவம். 30 சுற்றுகளில் ஒரு துண்டு, கோட்பாட்டளவில், 100 கோடிக்கு மேற்பட்ட படிகளாகும். பற்றீரியா இறந்திருப்பினும் அதன் டி.என்.ஏ. எஞ்சியிருந்தாற் போதும், சில மணி நேரத்தில் இனமும் வகையும் தெளிவாகும்.

நோயின்றிக் காணப்படும் விலங்குகளின் தொண்டைச் சுரப்பிகளில் இப்பற்றீரியா மறைந்திருப்பதையும் இச்சோதனை காட்டவல்லது. ஆயினும் எந்த மருந்துக்கு அது பணியும் என்பதை அறிய வளர்ப்புமுறையே இன்றும் பெரிதும் உதவுகின்றது.

இறந்த எருமையைச் சோதனை மீட்காது. ஆனால் நோயின் பெயர் உறுதியானால், அயற்பட்டிகளுக்குத் தடுப்பூசி ஏற்றி அவற்றைக் காக்கலாம். துணுக்காயிலிருந்து பேராதனை 200 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ளது. பழுதாகாத மச்சையைக் கொண்ட நீண்ட காலெலும்பொன்று அத்தூரத்தைக் கடக்கப் போதுமானது. அதனை எடுக்கப் பயின்ற கையும், அனுப்பும் ஒழுங்கும், விடையை விரைந்து பட்டிக்காரனிடம் சேர்க்கும் பொறுப்பும் இல்லையெனில், ஆய்வுகூடத்தின் நுட்பம் ஆய்வுகூடத்திலேயே தங்கிவிடும்.