மலைச் சைக்கிளின் முற்கவை

மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தைக் கவை என்பது தமிழ் வழக்கு. சைக்கிளின் முற்சக்கரத்தை இருபுறமும் பற்றி, மேலே ஒன்றாய்க் கூடிச் சட்டகத்தினுட் புகும் உறுப்பும் அவ்வடிவினதே. கடைக்காரர் அதனைப் போர்க் என்பர். நாம் ஈண்டு முற்கவை என வழங்குவாம். கல்லும் வேரும் நிறைந்த மலைவழியில் ஓடும் சைக்கிளில் இக்கவை வெறுந் தாங்கியன்று. தன் கால்களினுள்ளே வில்லும் எண்ணெயும் கொண்டு, பாதையின் அடியைத் தான் வாங்கி, ஓடுபவன் கையையும் தோளையும் காப்பது அது. அவ்வுறுப்புப் பழுதுற்று வேறொன்று வாங்க நேரும்பொழுது எவற்றை நோக்கித் தெரிதல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இருக்கையோ மிதிகட்டையோ பிழையாகத் தெரியப்படின் பணமும் சுகமுமே நட்டமாகும். முற்கவை பிழைப்பின் ஓடுபவன் முகங்குப்புற விழுவான். ஆதலின் இதனைச் சிறுபொருளென ஒதுக்குதல் தகாது.

முதற்கண் இவ்வுறுப்பின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். ஐக்கிய அமெரிக்காவின் கலிபோணிய மாநிலத்தில், மரின் கவுண்டியிலுள்ள பெயர்பாக்ஸ் ஊருக்கு அண்மையில், 1976ஆம் ஆண்டு இளைஞர் சிலர் ஒரு மலைப்பாதையில் மேலிருந்து கீழ்நோக்கி ஓடும் போட்டியைத் தொடங்கினர். அவர்கள் ஓட்டியவை 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பருமனான ரயர்களையுடைய பழைய சைக்கிள்கள். பின்சக்கரக் குடத்தினுள்ளிருந்த பிறேக்கு இறக்கத்திற் காய்ந்து, உள்ளிருந்த கிறீஸ் புகைந்து போகும். மீண்டும் கிறீஸ் இட்டு அடைத்தாலன்றி ஓட இயலாது. அதனால் அப்பாதைக்கு 'றீபாக்', அஃதாவது மீள அடைத்தல், என்னும் பெயர் உண்டாயிற்று. அக்காலக் கவைகள் பெரும்பாலும் அசையாத இரும்புக் குழாய்களே. 1989ஆம் ஆண்டில் போல் ரேணர் என்பார் றொக்ஷொக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, வாயுவும் எண்ணெயும் கொண்டு ஏறக்குறைய இரண்டு அங்குலம் அமிழும் கவையொன்றை வெளியிட்டார். அடுத்த ஆண்டு கொலறாடோ மாநிலத்தின் டுறாங்கோ நகரில் நடந்த உலகப் போட்டியில், இறக்கவோட்டப் பிரிவிலே கிறெக் ஹேர்போல்ட் அத்தகைய கவையுடன் ஓடி வெற்றி பெற்றார். அதன்பின் அசையுங் கவை மலைச் சைக்கிளின் இன்றியமையா உறுப்பாயிற்று.

இனி, கவையை மாற்றத்தான் வேண்டுமா என்பதே முதல்வினா. கவை தாழ்ந்தெழ மறுப்பதும் எண்ணெய் கசிவதும் பெரும்பாலும் அடைப்பு வளையங்கள் தேய்ந்தமையாலும் எண்ணெய் கெட்டமையாலும் நிகழ்வன. இவை சிறுசெலவில் தீர்வன. கீழ்க்கால்களைத் திறந்து துடைத்து எண்ணெய் மாற்றுதலை ஓட்டத்தில் ஐம்பது மணித்தியாலத்துக்கு ஒருமுறை செய்க என உற்பத்தியாளர் கூறுவதுண்டு. அதனைச் செய்வோர் சிலரே. ஆனால் உட்குழாயின் மெருகு தேய்ந்து கீறல் விழுந்திருப்பினும், கழுத்துத்தண்டிலோ தோளிலோ வெடிப்புக் காணப்படினும், கால் வளைந்திருப்பினும், உதிரிப்பாகம் கிடையாதொழியினும் மாற்றுதலே தக்கது. வெடிப்புற்ற கவையிற் சிக்கனம் பார்த்தல் உயிரோடு விளையாடுதலாகும்.

மாற்றுவதெனத் துணிந்தபின் விலையையும் நிறத்தையும் நோக்குமுன் அளவுகோலை எடுத்தல் வேண்டும். கழுத்து, சக்கரம், அச்சு, பிறேக்கு என்னும் நான்கும் முதலில் ஒத்துவரல் வேண்டும். இவற்றுள் ஒன்று ஒவ்வாதெனினும் எத்துணை உயர்ந்த கவையாயினும் பயனில்லை.

கவையின் கழுத்துத்தண்டு சட்டகத்தின் தலைக்குழாயினுட் புகுவது. பழைய சட்டகங்களிற் பலவற்றில் அத்தண்டு மேலுங் கீழும் ஒரே பருமனாய், ஒன்றேயரைக்கால் அங்குலமாகிய 28.6 மில்லிமீற்றர் விட்டமுடையது. இக்காலத்துக் கவைகளிற் பெரும்பாலானவை மேலே அவ்வளவினவாயும் கீழே ஒன்றரை அங்குலமாயும் பருத்து வருவன. ஒரே பருமனான தண்டைப் பருத்த தலைக்குழாயில் ஏற்ற வளையமிட்டுப் பொருத்தலாம். பருத்த தண்டை 34 மில்லிமீற்றர் உள்விட்டமுடைய பழைய தலைக்குழாயிற் பொருத்த இயலாது. தலைக்குழாயின் உள்விட்டம் 44 மில்லிமீற்றராயின், கீழ்ப்போதிகையை வெளியே அமைத்து அதனைப் பொருத்தலாம். தண்டின் நீளமும் நோக்கற்பாலது. பிறர் பயன்படுத்திய கவையில் அது முன்னரே வெட்டப்பட்டிருக்கும். குறுகிய தண்டை நீட்டும் வழி இல்லை.

சக்கரங்கள் இருபத்தாறு, இருபத்தேழரை, இருபத்தொன்பது அங்குலமென மூவகைப்படும். கவையும் அவ்வவற்றிற்கேற்பவே செய்யப்படும். அச்சிலும் வேறுபாடுண்டு. பழைய குடங்கள் 9 மில்லிமீற்றர் அச்சும் 100 மில்லிமீற்றர் அகலமுங் கொண்டவை. பின்வந்தவை 15 மில்லிமீற்றர் அச்சுடன் 100 அல்லது 110 மில்லிமீற்றர் அகலமுடையவை. குடம் ஒவ்வாதெனின் கவையின் விலையோடு சக்கரத்தின் விலையையுங் கூட்டிக் கணக்கிடல் வேண்டும். பிறேக்கைப் பொறுத்தவரை, வளையத்தைப் பற்றும் பிறேக்குக்குக் காலின் முன்புறத்தே இரு முளைகளும், தட்டைப் பற்றும் பிறேக்குக்கு இடக்காலிற் பிடியுந் தேவை. தட்டின் உயர்ந்த விட்டம் இன்னதென உற்பத்தியாளர் வரையறுத்திருப்பர்; அதனை மீறலாகாது.

இந்நான்கும் ஒத்துவரினும் ஐந்தாவதாகிய நீளமே பலரை ஏமாற்றுவது. சக்கர அச்சிலிருந்து தோளின் உச்சிவரை, கவை அமிழாத நிலையில் அளக்கும் நீளம் அது. அமிழ்தூரம் மிகுந்தால் இந்நீளமும் மிகும். அமிழ்தூரம் கூடக் கூட நன்மையுங் கூடும் என எண்ணுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். ஓர் உதாரணத்தால் விளக்குவாம்.

2000ஆம் ஆண்டளவிற் செய்யப்பட்ட, பின்புறம் அசையாத ஒரு சைக்கிளைக் கொள்வோம். சக்கரம் 26 அங்குலம். கவையின் அமிழ்தூரம் 80 மில்லிமீற்றர். அச்சிலிருந்து தோள்வரை நீளம் ஏறக்குறைய 450 மில்லிமீற்றர். தலைக்குழாய் தரையோடு ஆக்கும் கோணம் 71 பாகை. இரு சக்கர அச்சுகளுக்கும் இடைத்தூரம் 1100 மில்லிமீற்றர் அளவு என்க. இதற்கு 140 மில்லிமீற்றர் அமிழும் கவையைப் பூட்டினால் நீளம் 60 மில்லிமீற்றர் மிகும். முற்பக்கம் 20 மில்லிமீற்றர் உயருந்தோறும் சைக்கிள் முழுவதும் பின்னச்சைச் சுற்றி ஏறக்குறைய ஒரு பாகை பின்சாயும். ஆகவே 71 பாகை 68 ஆகும். மிதிதண்டின் நடுவும் இருபது மில்லிமீற்றர் அளவு உயரும். ஓடுபவன் ஏறியமர்ந்தபின் கவை சிறிது தாழ்வதைக் கழிப்பினும் வேறுபாடு இரண்டு பாகைக்கு மேற்பட்டே நிற்கும். விளைவு யாது? ஏற்றத்தில் முற்சக்கரம் அலையும். மெல்ல ஓடுகையிற் கைபிடி ஒருபுறமாய்ச் சாயும். உடல் பின்னே தள்ளப்படும்.

அதனினும் தீயது மற்றொன்றுண்டு. கவை ஒரு நெம்புகோல். சக்கரத்தில் விழும் அடி அந்நெம்புகோலின் வழியே தலைக்குழாயையும் அதனோடு ஒட்டிய கீழ்க்குழாயையும் வளைக்க முயலும். கை 450 இலிருந்து 510 ஆக நீள்வதால் அவ்வளைவுவிசை எட்டிலொரு பங்களவு மிகும். நீண்ட கவை தரும் துணிவினால் ஓடுபவன் முன்னரிலும் பெரிய கற்களின்மேற் பாய்வான், அடியும் மிகும். சட்டகமோ சிறிய கவைக்கெனக் கணித்துச் செய்யப்பட்டது. இருபுறமும் மிகும் இச்சுமையினாற் காலப்போக்கிற் பற்றவைத்த இடம் வெடிக்கும். விரலுக்குத் தக்க வீக்கம் என்னும் பழமொழி இதற்கு முற்றும் பொருந்தும். சட்டகம் செய்தவர் குறித்த நீளத்திலிருந்து 20 மில்லிமீற்றருக்கு மேல் விலகாதிருத்தலே பாதுகாப்பான நெறி. அவர் உயர்ந்த அளவொன்றை வரையறுத்திருப்பின் அதுவே முடிவு.

அளவுகள் பொருந்தியபின் கவையின் உள்ளமைப்பை நோக்குவாம். ஒருகாலில் வில்லும் மறுகாலில் தணிப்பானும் அமைவது பெருவழக்கு. வில் உருக்குச் சுருளாகவோ அடைக்கப்பட்ட வளியாகவோ இருக்கும். சுருளி வில் அமிழ்ந்த தூரத்திற்கு நேர்விகிதசமமாக எதிர்க்கும், சிறு நடுக்கத்திற்கும் இசைந்து அசையும், பராமரிப்புங் குறைவு. ஆயினும் பாரமானது, ஓடுபவன் நிறைக்கேற்பச் சுருளையே மாற்றல் வேண்டும். வளி வில் போயிலின் விதியைத் தழுவியது. வெப்பநிலை மாறாதிருப்பின், கனவளவு பாதியாக அமுக்கம் இருமடங்காகும்; ஆதலின் அடிவரை சென்று மோதுமுன் எதிர்ப்பு விரைந்து மிகும். சிறு பம்பியொன்றினால் அமுக்கத்தை நிறைக்கேற்ப மாற்றலாம், பாரமுங் குறைவு. ஆனால் அடைப்பு வளையங்களின் உராய்வும் பராமரிப்பும் மிகுதி. தன் சைக்கிளைத் தானே பேணுபவனுக்கு வளி நன்று. பேணாதவனுக்குச் சுருளே நன்று.

வில் மாத்திரம் இருப்பின் கவை ஊசல்போல் மேலுங் கீழும் அலையும். அவ்வலைவை அடக்குவது தணிப்பான். சிறு துளைகளினூடே எண்ணெய் நெருக்குண்டு செல்ல, வில்லிற் சேர்ந்த சத்தி வெப்பமாகின்றது. மலிந்த கவைகள் சிலவற்றில் உண்மையான எண்ணெய்த் தணிப்பான் இல்லை. உராய்வே அப்பணியைச் செய்கின்றது. ஆதலாற் குறைந்த பணத்துடன் செல்வோர் நீண்ட அமிழ்தூரமுடைய தணிப்பற்ற கவையிலும், குறைந்த அமிழ்தூரமுடைய நல்ல தணிப்புள்ள கவையையே தெரிதல் வேண்டும். கடையிற் கைபிடியை அழுத்தி விட்டுப் பார்க்க. கவை ஒரே சீராக எழுந்து அமைய வேண்டும். துள்ளி எழுந்து மேலே மோதுமாயின், மீள்வேகத்தை மாற்றும் திருகினாலும் அது அடங்காதெனின், அதனைத் தவிர்க்க.

பூட்டியபின் இரு சோதனைகள் இன்றியமையாதன. வளி வில்லாயின் வளியை முற்றும் வெளியேற்றிக் கவையை அடிவரை அமுக்கி, ரயர் தோளிலே முட்டவில்லை என்பதை உறுதிசெய்க. ஓட்டத்திற் முட்டின் சக்கரம் திடீரென நின்று ஓடுபவனைத் தூக்கியெறியும். பின்னர் வளியூட்டி, ஓடும் உடையோடு ஏறி அமர்ந்து, தாழ்வை அளக்க. அமிழ்தூரத்தின் ஐந்திலொரு பங்கு தொடங்கி நாலிலொரு பங்குவரை தாழ்வது பொதுவாகத் தக்கது. 100 மில்லிமீற்றர்க் கவையாயின் 20 தொடக்கம் 25 மில்லிமீற்றர் எனக் கொள்க.

இருபத்தாறு அங்குலச் சக்கரமும் ஒரே பருமனான கழுத்தும் உடைய பழைய சைக்கிளுக்கு உயர்தரப் புதுக்கவை கிடைத்தல் இன்று அரிதாயிற்று. அதனால் அச்சைக்கிளை எறிந்துவிடுதல் வேண்டா. உள்ள கவையைத் திறந்து புதுப்பிக்கலாம். எளிய புதுக்கவையொன்றைத் தேடலாம். அன்றி, அசையுங் கவையின் நீளத்திற்கு ஒப்பச் செய்யப்பட்ட அசையாக் கவையைப் பூட்டிப் பருமனான ரயருடன் ஓட்டலாம். றீபாக் பாதையில் இறங்கியோர் கவையும் அசையாக் கவையே.

தொகுத்துக் கூறின், புதிய உறுப்பு எத்துணைச் சிறந்தது என்பது இரண்டாம் வினா; அது சேரும் உடலுக்குப் பொருந்துமா என்பதே முதல்வினா. சட்டகமே தலைவன், கவை அதற்குத் துணை. இம்முறையை மாற்றாது, அளந்தபின் வாங்குவோன் பணமும் உடலும் காக்கப்பெறுவான்.