முதுகுவலிக்கு ஏற்ற மெத்தை எது?

மனிதன் தன் வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை உறக்கத்தில் கழிக்கிறான். அவ்வுறக்கம் உடலுக்கு ஓய்வாவதும் வேதனையாவதும் பெரிதும் படுக்கையைப் பொறுத்தது. குடம் சுமந்தும், குனிந்து பெருக்கியும், பகலெல்லாம் உழைத்து இடுப்பு நோகும் அன்னையரும் பாட்டிமாரும் நம் வீடுகளில் பலர். "கட்டாந்தரையில் படு, வலி பறந்துவிடும்" என்று அவர்களுக்கு அறிவுரை கூறுவோரும் பலர். அவ்வறிவுரை சரியானதுதானா? ஆராய்ந்து பார்ப்போம்.

நமது முதுகெலும்பு நேரான கோல் அன்று. கழுத்திலும் இடுப்பிலும் அது முன்னோக்கி வளைந்திருக்கிறது. மார்புக்குப் பின்புறம் வெளிநோக்கி வளைந்திருக்கிறது. எலும்புகளுக்கு இடையேயுள்ள வட்டுகள் பகலில் உடற்பாரத்தைத் தாங்கிச் சிறிது நீரை இழக்கின்றன. இரவில் நாம் படுத்திருக்கும்போது அதை மீண்டும் பெறுகின்றன. காலையில் நம் உயரம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் கூடியிருப்பது இதனால்தான்!

மிகக் கடினமான படுக்கையில் தோளும் இடுப்பும் அழுந்துகின்றன. இடுப்பு வளைவின் கீழ் தாங்கல் இல்லாமற் போகிறது. மிக மென்மையான மெத்தையிலோ இடுப்பு ஆழ்ந்து, முதுகு தூளிபோல் வளைகிறது. ஆகவே இரண்டுக்கும் இடைப்பட்டதே நன்று. ஸ்பெயின் நாட்டில் நீடித்த இடுப்புவலியுடைய 313 பேரில் ஒரு சாராருக்குக் கடின மெத்தையும், மறு சாராருக்கு நடுத்தரமான மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் கவனித்தனர். நடுத்தர மெத்தையில் உறங்கியவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது என்ற முடிவு 2003-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியாயிற்று.

கடையில் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்ப்பது போதாது. பத்து நிமிடமாவது படுத்துப் பார்க்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்பின் கீழ் கையை நுழைத்தால், தாராளமாகப் புகுந்தால் மெத்தை கடினம். நுழையவே முடியாவிடில் மிக மென்மை. ஒருக்களித்துப் படுக்கும்போது முதுகெலும்பு நேர்க்கோட்டில் இருக்கவேண்டும். உடற்பருமன் ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், படுப்பவரே சோதிப்பது அவசியம்.

இலவம்பஞ்சு மெத்தை நாளடைவில் கட்டிதட்டிக் குழி விழும். அதை அடிக்கடி வெயிலில் உலர்த்தி, தேவையானபோது பஞ்சை அடித்துத் தைக்கலாம். தென்னைநார் மெத்தை சற்று விறைப்பானது. அதன்மேல் மெல்லிய பஞ்சு மெத்தையை விரிக்கலாம். புதிது வாங்க வசதியில்லையா? கவலை வேண்டாம். தரையில் படுப்பவர் பாயின்மேல் கனத்த ஜமக்காளத்தை மடித்து விரிக்கலாம். கயிற்றுக் கட்டில் தொய்ந்திருந்தால் கயிற்றை இறுக்கிக் கட்டலாம். மல்லாந்து படுப்போர் முழங்கால்களுக்கு அடியிலும், ஒருக்களித்துப் படுப்போர் முழங்கால்களுக்கு நடுவிலும் சிறு தலையணை வைத்தால் இடுப்புக்கு இதமாயிருக்கும்.

ஆனால், மெத்தை மருந்தாகாது. வலியுடன் கால் மரத்தல், கால் வலுவிழத்தல், காய்ச்சல், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். சாதாரண வலிக்காக நாள் முழுதும் படுத்தே கிடப்பதும் தகாது. இயன்ற அளவு நடமாடுவதே நலம்.

தோழியரே, வீட்டில் எல்லோருக்கும் படுக்கை விரித்துவிட்டுக் கடைசியில் வெறுந்தரையில் சாய்பவள் தாய். இன்றிரவு அவளது படுக்கையை நாம் விரிப்போமா?