பெரிய இடத்துப் பூனை!

முதல் மாசச் சம்பளம் வந்ததும் ஒரு ஃபாரின் பூனை வாங்கியே தீரணும்னு உங்க கேங்ல யாராவது அலைஞ்சுக்கிட்டு இருக்காங்களா? இந்தப் பக்கத்தை அவங்க கையில கொடுங்க. கடையில சொல்லாத சில விஷயங்கள் இதுல இருக்கு!

காதுல ஆரம்பிச்ச கதை

பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட்டோட செல்லம் ஒலிவியாவைப் பார்த்திருப்பீங்க. மடிஞ்ச காது, உருண்டை முகம்னு ஆந்தைக் குட்டி மாதிரி இருக்குமே... அந்த இனத்துக்குப் பேரு ஸ்காட்டிஷ் ஃபோல்டு.

1961-ல ஸ்காட்லாந்து பண்ணை ஒண்ணுல சூசின்னு ஒரு வெள்ளைப் பூனை இருந்தது. காது மட்டும் வித்தியாசமா மடிஞ்சிருந்தது. ஆடு மேய்க்கிற வில்லியம் ராஸ் அதைப் பார்த்து அசந்துபோய், அதோட குட்டி ஒண்ணை வாங்கி வளர்த்தார். இந்த வம்சத்துக்கே சூசிதான் கொள்ளுப்பாட்டி.

சரி, காது ஏன் மடியுது? குருத்தெலும்பு சரியா வளராததால! அந்தக் கோளாறு காதோட நிக்குமா என்ன? கால், வால், மூட்டுன்னு உடம்பு முழுக்க குருத்தெலும்பு இருக்கே! வால் விறைக்கும், பின்னங்கால் மூட்டு வீங்கும், குதிக்கவே யோசிக்கும். இதுக்குக் காரணமான ஜீன் மாற்றத்தை 2016-ல அடையாளம் கண்டாங்க. அந்த ஜீன் ஒரு காப்பி இருந்தாலே பாதிப்புதான். ரெண்டு காப்பி இருந்தா சின்ன வயசுலயே முடங்கிப் போகும்.

பிரிட்டன் பூனைப் பதிவு அமைப்பு 1970-கள்லயே இந்த இனத்தைப் பதிவு பண்றதை நிறுத்திடுச்சு. பெல்ஜியத்தோட ஃபிளாண்டர்ஸ் பகுதி 2021-ல இதை வளர்த்து விற்கத் தடை போட்டது. 'ரொம்ப சாதுங்க, ஒரே இடத்துல உட்கார்ந்திருக்கும்'னு சொல்லி விற்பாங்க. பாதி நேரம் அது சாதுத்தனம் இல்லை பாஸ், வலி!

சொந்தத்துலயே சம்பந்தம்

'சொந்தத்துல கல்யாணம் வேணாம்'னு டாக்டர்கள் ஏன் சொல்றாங்க? ஒரே தாத்தாகிட்ட இருந்து வந்த ஒரே கோளாறான ஜீன், அப்பா வழியாவும் அம்மா வழியாவும் குழந்தைக்கு வந்து சேரலாம். மாமன் மகள், அத்தை மகன் உறவுல பிறக்கிற குழந்தைக்கு, ஏதாவது ஒரு ஜீன் இப்படி ஜோடி சேர வாய்ப்பு 6.25 சதவிகிதம். தாய்மாமனைக் கட்டினா 12.5. அம்மாவும் மகனும் ஜோடின்னா 25!

மனுஷங்ககிட்ட நினைச்சே பார்க்க முடியாத அந்த 25, பூனை உலகத்துல சர்வ சாதாரணம். 1930-ல பர்மாவுல இருந்து வாங் மாவ்னு ஒரு பழுப்புப் பூனை அமெரிக்கா போச்சு. அதே ரகத்துல அங்கே ஜோடி கிடைக்கலை. சயாமீஸ் பூனையோட சேர்த்தாங்க. அப்புறம் அதுக்குப் பிறந்த மகனோடவே சேர்த்தாங்க! அப்படி வளர்ந்ததுதான் பர்மீஸ் இனம். 2008-ல பூனை இனங்களோட மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வுல, வகை ரொம்பக் குறைவா இருந்த இனங்கள் பர்மீஸும் சிங்கப்பூராவும்தான்.

விளைவு? சில பர்மீஸ் குட்டிகளுக்கு ரத்தத்துல பொட்டாசியம் திடீர்னு இறங்கிடும். கழுத்துத் தசை தளர்ந்து, தலையைத் தூக்கவே முடியாது. அப்பா, அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அந்த ஜீன் வந்தாத்தான் நோய் வரும். சொந்தத்துக்குள்ளேயே சுத்தினா வராம என்ன செய்யும்?

சப்பை மூக்கு சுந்தரி

நம்ம ஊர்ல அதிகம் விற்கிற பெர்ஷியன் மட்டும் தப்பிச்சுதா? 'மூக்கு சப்பையா இருக்கணும்'னு தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து, மூச்சு விடவே திணறுது. கண்ணுல எப்பவும் நீர் வடியுது. நம்ம வெயில்ல கேட்கவே வேணாம்!

இன்னொண்ணு, சிறுநீரகத்துல நீர்க்கட்டிகள். பிறக்கும்போதே இருக்கும், வெளியில தெரியாது. நடுவயசுல சிறுநீரகம் கைவிரிக்கும்போதுதான் தெரியும். இதுக்குக் காரணமான ஜீனை 2004-ல கண்டுபிடிச்சாங்க. அந்தக் காலகட்டத்து ஆய்வுகள்ல மூணு பெர்ஷியன்ல ஒண்ணுக்கும் மேல இந்தப் பாதிப்பு இருந்தது.

நல்ல செய்தியும் இதுலயே இருக்கு. ஜீன் தெரிஞ்சதால டெஸ்ட் வந்துடுச்சு. பாதிப்பு உள்ள பூனையை ஜோடி சேர்க்காம விட்டாலே போதும், அடுத்த தலைமுறைக்கு அந்த ஜீன் போகாது. இனம் அழியாது, நோய் மட்டும் குறையும்!

வாங்கறதுக்கு முன்னாடி...

வம்சாவளிப் பேப்பரை நீட்டினா ஆன்னு பார்க்காதீங்க. தாத்தா, கொள்ளுத்தாத்தா வரிசையில ஒரே பேரு திரும்பத் திரும்ப வருதான்னு பாருங்க. வந்தா உஷார்! அப்பா, அம்மா பூனைகளுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்த ரிப்போர்ட் கேளுங்க. அம்மா பூனையை நேர்ல காட்டச் சொல்லுங்க. மழுப்பினா நடையைக் கட்டுங்க. மடிஞ்ச காதா? எந்த ரிப்போர்ட் காட்டினாலும் வேணாம்!

ஏற்கெனவே வீட்டுல இப்படி ஒரு செல்லம் இருந்தா பயப்படாதீங்க. கைவிடவும் கூடாது. வெயிட் போடாம பார்த்துக்கங்க, கால்நடை மருத்துவர்கிட்ட ஸ்கேன் எடுங்க, குட்டி மட்டும் போட விடாதீங்க.

பூனை இல்லாம இருக்க முடியாதா? சென்னை புளூ கிராஸ் மாதிரி அமைப்புகள்ல எத்தனையோ குட்டிகள் வீடு தேடிக் காத்திருக்கு. நம்ம தெருப் பூனைக்கு வம்சப் பேப்பர் கிடையாது. ஆனா எங்கெங்கிருந்தோ வந்து கலந்த ஜீன்கள் இருக்கு. தடுப்பூசி போட்டு, கருத்தடை பண்ணி, ஒரு கிண்ணம் சாப்பாடு வைங்க... மதில் மேல தாவி ஓடறதைப் பாருங்க.

காது மடிஞ்சா க்யூட்டுதான். ஆனா வலிக்காம குதிக்கிற பூனை அதைவிட க்யூட், இல்லையா?