‘அப்புறம் என்ன ஆச்சு, டீச்சர்?’

இரவு படம் முடிந்து தொலைக்காட்சியை அடைத்த பிறகும் உங்கள் பிள்ளை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததுண்டா? “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டதுண்டா? “அப்புறம் ஒண்ணும் ஆகல, போய்ப் படு” என்றுதான் நாம் சொல்லியிருப்போம். விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டியவர்களுக்கு இரவு பத்து மணிக்கு வேறு என்ன பதில் வரும்?

சில பிள்ளைகள் அதோடு விடுவதில்லை. பதில் கிடைக்காவிட்டால் தாங்களே பதிலை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். பிறர் படைத்த கதைமாந்தரை எடுத்துக்கொண்டு, கதை முடிந்த இடத்திலிருந்தோ, ஆசிரியர் சொல்லாமல் விட்ட இடத்திலிருந்தோ ரசிகர் ஒருவர் எழுதிச் செல்வதை ‘ரசிகர் கதை’ என்று சொல்லலாம். விண்வெளிக் கப்பல், இயந்திர மனிதன் என்று வரும் விஞ்ஞானக் கதைகளுக்கு இப்படி எழுதுவோர் உலகெங்கும் ஏராளமாக இருக்கிறார்கள். இதைப் பற்றி நான் எழுத வந்ததற்குக் காரணம், நான் செய்த ஒரு தவறு.

2010ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ‘எந்திரன்’ படம் வெளிவந்தது. ஈப்போ போய்ப் பார்த்தவர்கள் சிலர். குறுந்தட்டு வாங்கி வீட்டில் பார்த்தவர்கள் பலர். சிட்டி என்ற இயந்திர மனிதனைப் பற்றித்தான் எங்கள் பள்ளித் திடலில் பல மாதங்கள் பேச்சு. மறு ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களைச் சொந்தமாக ஒரு கதை எழுதச் சொன்னேன். கொழுந்து பறிக்கும் தாய்க்கு மகளான ஒரு சிறுமி, நான்கு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள். படத்தின் முடிவில் சிட்டியைக் கழற்றி அருங்காட்சியகத்தில் வைத்துவிடுகிறார்கள் அல்லவா? இவள் கதையில் யாரோ அவனை மறுபடியும் பூட்டி, லாரியில் ஏற்றி, நம் மலைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

நான் முதல் பக்கத்தைப் படித்தேன். ‘சிட்டி’ என்ற பெயரைக் கண்டதும் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். “இது படத்துக் கதை. சொந்தமாக எழுது” என்று அடியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் ‘நான் ஒரு குடை’ என்று ஒரு தன்கதை எழுதி வந்தாள். பயிற்சி நூலில் உள்ள மாதிரிக் கட்டுரையைக் குடைக்கு ஏற்றபடி மாற்றிய கட்டுரை அது. அதற்கு நான் நல்ல புள்ளி போட்டேன்! நூற்றுக்கணக்கான பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்த குடையும் பேனாவும் ‘சொந்தம்’ என்று எனக்குத் தோன்றியது. அவள் சிட்டி மட்டும் ‘இரவல்’ என்று தோன்றியது. அந்த நாளில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நம்மை அப்படி ஆட்டி வைத்தது. 2021இல் அந்தத் தேர்வை எடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தக் கண்ணோட்டம் ஆசிரியர்களான எங்களை விட்டு முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

ஆண்டு முடிவில் பயிற்சிப் புத்தகங்களை அடுக்கும்போதுதான் மீதி மூன்று பக்கத்தையும் படித்தேன். மண்டோர் சிட்டியின் முதுகில் கூடையை மாட்டிவிடுகிறார். அவன் நொடிக்கு நூறு இலை பறிக்கிறான். ஆனால் முற்றிய இலையும் காம்புமாகக் கூடை நிறைகிறது; தொழிற்சாலையில் வேண்டாம் என்று திருப்பிவிடுகிறார்கள். பிறகு அவன் அந்தச் சிறுமியின் தாய் அருகில் நின்று, அவள் விரல்களையே பார்க்கிறான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் எங்கே ஒடியும் என்பதைக் கண்ணால் அல்ல, விரலால்தான் அறிய வேண்டும் என்று அந்தத் தாய் சொல்லித் தருகிறாள். மழை நாளில் அட்டை ஏறிய காலை அவள் சுண்ணாம்பு தடவிக்கொள்வதைப் பார்த்து, “உங்களுக்கு வலிக்குமா?” என்று சிட்டி கேட்கிறான். கடைசி வரி இது: “நான் கத்துக்கிட்டா நீங்க எங்க போவீங்க?”

அதற்கு மேல் கதை இல்லை. இன்று பல சரிவுகளில் இயந்திரத்தை வைத்துத்தான் கொழுந்தை வெட்டுகிறார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வியைத் தன் வாயால் கேட்கத் தெரியவில்லை. சிட்டியின் வாயால் கேட்டாள். நான் அதன்மேல் கோடு கிழித்தேன்.

ஒரு தீபாவளிக்கு ஊர் வந்திருந்தவளைக் கோயில் வாசலில் பார்த்தேன். இப்போது ஈப்போவில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறாள். “அந்தச் சிட்டி கதைக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். சிரித்தாள். “நீங்க கோடு போட்டதோட நின்னுடுச்சு, டீச்சர்” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

பிறர் கதையைத் தொட்டு எழுதுவது திருட்டு என்றால், நம் தமிழில் பாதியைத் தூக்கிப் போட வேண்டியிருக்கும். இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த மகளை எடுத்துக்கொண்டு சாத்தனார் மணிமேகலையைப் பாடினார். நம் பாட்டிமார் இராகம் போட்டுப் படித்த அல்லி அரசாணி மாலையும் பவளக்கொடி மாலையும் நினைவிருக்கிறதா? அந்த அல்லியும் பவளக்கொடியும் வியாசர் பாரதத்தில் இல்லை. அர்ச்சுனன்மேல் ஆசை கொண்ட தமிழர்கள் அவனை மதுரைக்கே வரவழைத்து, அல்லியிடம் திண்டாட வைத்தார்கள்! புதுமைப்பித்தனோ, சாபம் நீங்கிய பிறகு அகலிகை எப்படி வாழ்ந்திருப்பாள் என்று கேட்டு ‘சாப விமோசனம்’ எழுதினார். இராமாயணம் முடித்த இடத்தில் அவர் கேட்டதும் அதே கேள்விதான்: அப்புறம் என்ன ஆச்சு?

இனிக் கடல் தாண்டிப் போவோம். 1966ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் ‘ஸ்டார் டிரெக்’ என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது. ‘எண்டர்பிரைஸ்’ என்ற கப்பலில் பல இனத்தவர் ஒன்றாகப் பயணம் செய்வார்கள். அதில் கூர்மையான காதுகளோடு ஸ்பாக் என்றொருவர் வருவார். தந்தை வேற்றுக் கிரகத்தவர், தாய் நம் பூமிப் பெண். மறு ஆண்டே, அதாவது 1967இல், டெவ்ரா லாங்சம், ஷெர்னா கமர்ஃபோர்டு என்ற இரு பெண்கள் ‘ஸ்பாக்கனாலியா’ என்ற கையடக்க ஏட்டைத் தயாரித்தார்கள். ரசிகர்கள் எழுதிய கதைகளும் கட்டுரைகளும் அதில் வந்தன. அச்சகத்துக்குப் போகவில்லை, ஸ்டென்சில் வெட்டி, உருளையைச் சுற்றிப் படியெடுத்தார்கள். நான் சிறுமியாக இருந்தபோது பள்ளியில் கேள்வித்தாள் அப்படித்தான் வரும். மை காயாத தாளை முகர்ந்து பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

அந்த ரசிகர்கள் எழுதியது கதை மட்டுமன்று. தொடரை நிறுத்தப் போகிறார்கள் என்ற செய்தி பரவியதும், பிஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதியர் முன்னின்று எல்லாரையும் கடிதம் எழுத வைத்தார்கள். கடிதம் குவிந்தது, 1968இல் தொடர் நிற்காது என்று நிறுவனம் அறிவித்தது. மேலும் ஓர் ஆண்டு ஓடி 1969இல்தான் நின்றது. அதற்குப் பிறகும் ரசிகர்கள் ஓயவில்லை. 1976இல் அமெரிக்கா செய்து முடித்த முதல் விண்வெளி ஓடத்துக்கு ‘எண்டர்பிரைஸ்’ என்று பெயர் வைக்கக் கேட்டு அவர்கள் எழுதிய கடிதங்கள் அதிபர் மாளிகை வரை போயின. அந்தப் பெயரே வைக்கப்பட்டது. 1979இல் ‘ஸ்டார் டிரெக்’ திரைப்படமாகவும் திரும்பி வந்தது.

நம்மவர்களும் ரசிகர்கள்தாம். ரசிகர் மன்றம் நமக்குப் புதிதா? கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுகிறோம், மாலை போடுகிறோம், விசில் அடிக்கிறோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. உழைத்துக் களைத்தவனுக்கு அதுவும் ஒரு திருவிழா. ஆனால் ஊற்றிய பால் அன்றே காய்ந்துவிடுகிறது. பேனாவை எடுத்த ரசிகருக்கு எழுத்துப் பழகுகிறது. 1960களில் ‘ஸ்டார் டிரெக்’ ரசிகர் ஏட்டில் எழுதிப் பழகிய இளம்பெண் லோயிஸ் மக்மாஸ்டர் பூஜோல்ட், பின்னாளில் தம் சொந்த விஞ்ஞான நாவல்களுக்காக அத்துறையின் பெரிய விருதான ஹியூகோ விருதைப் பலமுறை பெற்றார். ஜார்ஜ் லூகாஸ் என்ற இயக்குநர் தாம் சிறுவயதில் ரசித்த ‘ஃபிளாஷ் கார்டன்’ கதையைப் படமாக்க விரும்பினார், உரிமை கிடைக்கவில்லை. சரி, நாமே ஒன்றைப் படைப்போம் என்று உட்கார்ந்தார். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ அப்படிப் பிறந்ததுதான்.

இப்படி எழுதுவோரிடம் ஒரு வேடிக்கையும் உண்டு. 1973இல் பாலா ஸ்மித் என்ற ரசிகை ஒரு கேலிக் கதை எழுதினார். அதில் மேரி சூ என்ற பதினைந்தரை வயதுப் பெண் கப்பலுக்கு வருவாள்; அவளுக்குத் தெரியாத வித்தையே இல்லை; எல்லாரையும் காப்பாற்றுவாள்; எல்லாரும் அவளைப் புகழ்வார்கள். தங்களையே கதாநாயகியாக்கி எழுதியவர்களைக் குத்திக் காட்டியதுதான் அது. எங்கள் வகுப்புப் பையன்களிடம் கொடுத்தாலும் இதே கதைதான்! ஒவ்வொருவனும் சிட்டியையே தோற்கடித்துவிட்டு, கடைசியில் மந்திரியிடம் பரிசு வாங்குவான். சிரித்துக்கொண்டே விட்டுவிடுங்கள். நான்கு கதை எழுதினால் தானாகத் தெளிந்துவிடும்.

பெரியவர்களுக்கும் இந்த ஏக்கம் உண்டு. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. முடிந்ததும், “வந்தியத்தேவன் என்னவானான்? குந்தவை என்னவானாள்?” என்று வாசகர்கள் கேட்டதால், முடிவுரையில் அவர் பதில் எழுத வேண்டியதாயிற்று. அவர் மறைந்த பின் விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார்; அனுஷா வெங்கடேஷ் ‘காவிரி மைந்தன்’ எழுதினார். இரண்டுமே கல்கி விட்ட இடத்திலிருந்து போகிற கதைகள். 2022, 2023 ஆண்டுகளில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு மேலும் கேட்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், முதலில் மூலத்தைக் கொடுங்கள். பிறகு இவற்றைத் தேடலாம்.

விஞ்ஞானக் கதையில் நாட்டம் உள்ள பிள்ளைக்கு, சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைத்தான் முதலில் சொல்வேன். 1980களில் ஆனந்த விகடனில் வந்த தொடர். ஜீவா என்ற ஆட்சியாளனின் கட்டுப்பாட்டில் நாடே இருக்கிறது. பிள்ளை பெறுவதற்கும் அனுமதி வாங்க வேண்டும். கணவனைக் காணாமல் தவிக்கும் நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக ஜீனோ என்ற இயந்திர நாய் வருகிறது. அது பேசும், புத்தகம் படிக்கும், யோசிக்கும். அடுத்த பாகம் ‘மீண்டும் ஜீனோ’. ‘எந்திரன்’ படத்து வசனத்திலும் சுஜாதாவின் கை உண்டு. படம் வருமுன் 2008இல் அவர் காலமானார். ஆறாம் ஆண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஜீனோவைப் படிக்கலாம். சின்னவர்களுக்கு நாமே கொஞ்சம் கொஞ்சமாகக் கதையாகச் சொல்லலாம்.

“நாளைக்குச் சட்டச் சிக்கல் வராதா, டீச்சரம்மா?” என்று ஒரு தகப்பனார் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுத்தாளர் மறைந்து ஐம்பது ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. கல்கிக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது. தமிழ்நாட்டிலும் 1999இல் அவர் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கிவிட்டது. சுஜாதாவுக்கும் சிட்டிக்கும் உரிமை இருக்கிறது. ஆகவே பிள்ளை பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வீட்டாருக்கும் தோழர்களுக்கும் படித்துக் காட்டுவதோடு நிற்கட்டும். அதற்காக யாரும் வழக்குப் போட வரமாட்டார்கள். அச்சிட்டு விற்பதும், போட்டிக்குத் தன் சொந்தப் படைப்பு என்று அனுப்புவதும் வேறு விஷயம். அதைச் செய்யக் கூடாது. “இவர் படைத்த பாத்திரம், நான் எழுதிய கதை” என்று மேலே ஒரு வரி எழுதப் பழக்கினால் நேர்மையும் கூடவே வளரும்.

இன்னொன்று. கைப்பேசியில் இத்தகைய கதைகள் கொட்டிக் கிடக்கின்றன. நல்லதும் உண்டு, வயது வந்தவர்களுக்கென்றே எழுதியதும் நிறைய உண்டு. பிள்ளை கேட்டால் முதலில் நீங்கள் பாருங்கள், அல்லது படித்த அண்ணன், அக்காளைப் பார்க்கச் சொல்லுங்கள். தனியாகக் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்.

இப்போது என் வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாட வேளையை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். படித்த கதையோ பார்த்த படமோ எதுவானாலும் சரி, “அப்புறம்” என்று தொடங்கி ஒரு பக்கம் எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: கதை நம் மலைக்கு வர வேண்டும். போன மாதம் ஜீனோ ரிங்லெட் சந்தையில் முட்டைக்கோசு விலை கேட்டது. ஸ்பாக் தானா ராத்தா குளிரில் காதைப் பொத்திக்கொண்டு நின்றார். ஒரு பாட்டி தம் கம்பளித் தொப்பியைக் கொடுத்தார், காது உள்ளே போகவில்லை.

சிவப்புப் பேனாவை அந்த ஒரு வேளைக்கு மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறேன். எழுத்துப்பிழையைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.