கூடலூர் நிலம், டெல்லித் தீர்ப்பு

சுதந்திரத்துக்கு முந்தைய காலத்தில் நீலகிரிக்காரர் ஒருவரின் நிலத்தகராறு கடைசிப் படிவரை போக வேண்டுமென்றால் அது கடல் தாண்ட வேண்டும். ஊட்டியில் தோற்றவர் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போவார். அங்கும் தோற்றால் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில்தான். சாட்சியம், பத்திரம், கீழ்க்கோர்ட் தீர்ப்பு எல்லாவற்றையும் அச்சடித்துப் புத்தகமாகக் கட்டி அனுப்ப வேண்டும். அங்கே வாதாட வழக்கறிஞரும் வைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு பணக்கதவு இருந்தது. 1908ஆம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டப்படி, தகராறின் மதிப்பு பொதுவாகப் பத்தாயிரம் ரூபாயாவது இருந்தால்தான் லண்டன் அப்பீல். எஸ்டேட் துரைக்கு அது பெரிய தொகையில்லை. ஹட்டியில் உருளைக்கிழங்கு போட்டுக்கொண்டிருந்த படுகர் விவசாயிக்கு அந்தக் கதவு இருப்பதே தெரிந்திருக்காது. கிரிமினல் வழக்கென்றால் நிலைமை இன்னும் மோசம். தாங்கள் குற்றவியல் மேல்முறையீட்டு மன்றம் அல்ல, பெரும் அநீதி நடந்திருந்தால் மட்டுமே தலையிடுவோம் என்று பிரிவி கவுன்சில் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. தூக்குத்தண்டனைக் கைதிக்கும் அதே பதில்தான்.

1949 அக்டோபர் 10 அன்று அந்த அதிகாரம் முடிந்தது. மறு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறந்தது. தலைமை நீதிபதியையும் சேர்த்து எட்டு இடங்கள். சொந்தக் கட்டடம் கிடையாது. 1958 வரை நாடாளுமன்றக் கட்டடத்தில், சமஸ்தான மன்னர்களுக்காகக் கட்டிய மண்டபத்தில் உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார்கள். லண்டன் போய் டெல்லி வந்ததே தவிர, பணக்கதவு அகலவில்லை. பத்தாயிரம் இருபதாயிரமானது. 1973இல்தான் முப்பதாவது அரசியல் சாசனத் திருத்தம் அந்தத் தொகையை எடுத்துப்போட்டது. இன்று சிவில் வழக்கில் உயர் நீதிமன்றம் சான்று தர வேண்டுமானால், நாட்டுக்கே பொருந்தும் முக்கியமான சட்டக் கேள்வி அதில் இருக்க வேண்டும். நிலத்தின் விலை பொருட்டல்ல. கிரிமினலிலும் கதவு அகன்றது. கீழே விடுதலையானவருக்கு உயர் நீதிமன்றம் மரண தண்டனை கொடுத்தால் டெல்லிக்கு அப்பீல் செய்வது உரிமை என்று சாசனம் தொடக்கத்திலேயே சொன்னது. ஆயுள் தண்டனைக்கும் பத்தாண்டும் அதற்கு மேலுமான சிறைக்கும் 1970ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை நீட்டியது.

ஆனால் நடப்பில் பெரும்பாலோர் நுழையும் வாசல் வேறு. சாசனத்தின் 136ஆவது பிரிவு. வக்கீல்கள் வாயில் ‘எஸ்.எல்.பி.’. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த தொண்ணூறு நாளுக்குள் சிறப்பு அனுமதி கேட்டு மனுப் போடலாம். இது உரிமையல்ல, கேட்டுப் பார்ப்பது. சாட்சியை மறுபடி அலசமாட்டார்கள். பல மனுக்கள் சில நிமிடங்களில் தள்ளுபடியாகிவிடும். அனுமதி கிடைத்தால்தான் அது அப்பீலாக மாறும். சிறையில் இருப்பவர் வக்கீல் இல்லாமலே சிறை அதிகாரி வழியாக மனு அனுப்பலாம். சட்ட உதவிக் குழு வக்கீல் வைத்துத் தரும். லண்டன் காலத்தில் கோவை மத்திய சிறையிலிருந்த ஏழைக் கைதி இதை நினைத்துப் பார்த்திருக்க முடியாது. இந்த ஒன்றுக்காகவே இன்றைய ஏற்பாட்டை நான் மெச்சுவேன்.

டெல்லித் தீர்ப்பு மலைக்கு என்ன செய்யும் என்று பார்க்க கூடலூருக்குத்தான் போக வேண்டும். 1877 வரை மலபாரின் வயநாட்டில் இருந்து, பிறகு நீலகிரியோடு சேர்ந்த பகுதி அது. நிலத்தில் பெரும்பங்கு நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம், அதாவது பரம்பரை நில உரிமை. அதைக் குத்தகைக்கு எடுத்துத்தான் தேயிலை, காபித் தோட்டங்கள் வந்தன. 1969இல் தமிழக அரசு ஜென்மம் ஒழிப்புச் சட்டம் கொண்டுவந்தது. தோட்டக்காரர்கள் டெல்லிக்குப் போனார்கள். 1972இல் பால்மேடீஸ் தோட்ட வழக்கில் ஐந்து நீதிபதிகள் சட்டம் செல்லும் என்றார்கள். காட்டு நிலத்தை அரசு எடுப்பது மட்டும் செல்லாது என்றார்கள். அரசு சும்மா இருக்கவில்லை. நாடாளுமன்றம் 1974இல் அந்தச் சட்டத்தை முழுதாக ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. அந்த அட்டவணைக்குள் போன சட்டத்தைக் கோர்ட் தொடாது என்பது அன்றைய நம்பிக்கை.

அது சரியா என்ற கேள்வி 1999இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பப்பட்டது. பதில் வந்தது 2007 ஜனவரி 11 அன்று. 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்த்த எந்தச் சட்டத்தையும், சாசனத்தின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கிறதா என்று சோதிக்கலாம் என்றது தீர்ப்பு. நாடு முழுக்கச் சட்ட மாணவர்கள் படிக்கும் ‘கோயெலோ’ வழக்கு இதுதான். தீர்ப்பின் தலைப்பிலேயே மனுதாரர் கோயெலோவின் பெயருக்குப் பக்கத்தில் ‘இறந்துவிட்டார், வாரிசுகள் மூலம்’ என்று இருக்கும். அந்தச் சோதனையை கூடலூர்ச் சட்டத்துக்கே வைத்துப் பார்த்து, அது செல்லும் என்று கிளென்ராக் எஸ்டேட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2010இல். 1969 சட்டத்துக்கு முடிவு தெரிய நாற்பத்தொரு ஆண்டு!

இதற்கு நடுவே அதே கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்து கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் போட்ட மனு இந்தியாவின் காட்டுச் சட்டத்தையே மாற்றியது. 1996 டிசம்பர் 12 உத்தரவு, காடு என்றால் அகராதிப் பொருளில் காடுதான், யார் பெயரில் இருந்தாலும் காடுதான் என்றது. தமிழகத் தோட்டங்களில் எந்த நிழல் மரத்தை வெட்டலாம் என்பதுவரை அதில் உண்டு. தமிழக அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் அறிக்கையே அளவுகோல். இது அப்பீல் அல்ல, நேரடி ரிட் மனு. அவர் 2016இல் காலமானார். வழக்கு இன்னும் நடக்கிறது.

பிறகு சீகூர் யானை வழித்தடம். அதை அறிவித்த அரசாணையை உயர் நீதிமன்றம் 2011இல் உறுதிசெய்தது. ரிசார்ட் உரிமையாளர்கள் அப்பீல் போனார்கள். 2018 ஆகஸ்டில் அனுமதியில்லாத ரிசார்ட்டுகளை இரண்டு நாளுக்குள் பூட்டச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2020 அக்டோபர் 14இல் வழித்தடம் செல்லும் என்றது. தனித்தனி ஆட்சேபங்களைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழுவும் போட்டது.

இன்று நீதிபதி இடங்கள் 34. மனுவைக் கணினியிலேயே தாக்கல் செய்யலாம். ஊட்டி வக்கீல் தன் அறையிலிருந்தே டெல்லி அமர்வின் முன் திரையில் நிற்கலாம். அதே ஊட்டியின் புதிய நீதிமன்ற வளாகத்தில் பெண் வக்கீல்களுக்குச் சரியான கழிப்பறை இல்லை என்ற புகார் 2023இல் உச்ச நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்ததும் நம் காலத்துச் செய்திதான்.

தூரம் சுருங்கியது உண்மை, காலம் சுருங்கவில்லை. கூடலூர், பந்தலூர் வட்டங்களில் அந்த ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் ‘செக்‌ஷன் 17’ நிலம் என்றால் இன்றும் பட்டா இல்லாத, மின் இணைப்புக்கு அலைகிற குடும்பங்களின் நிலம்தான். அவர்களில் இலங்கையிலிருந்து திரும்பியவர்களும் உண்டு, கேரளத்திலிருந்து வந்தவர்களும் உண்டு. சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கு டெல்லி பதில் சொல்லியாகிவிட்டது. எது காடு, எது தோட்டம், எது குடியிருப்பு என்று அளந்து பிரித்து, தகுதியுள்ளவருக்குப் பட்டா கொடுக்க வேண்டியது சென்னைக் கோட்டை. ‘வழக்கு இருக்கிறது’ என்ற பதிலை இனியும் அவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.